பாரிஸ் தேவாலயங்கள்: எதைப் பார்ப்பது, எந்த வரிசையில் பார்ப்பது

கேள்வி கேட்டவர் சொன்னது இதுதான்: ஜூன் மாதம் நான்கு நாள் பாரிஸ் போகிறார்கள், எழுபது வயது அம்மாவும் கூட வருகிறார். பழைய தேவாலயங்களைப் பார்க்க வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. இணையத்தில் தேடினால் இருபது பெயர் வருகிறது. எதைப் பார்ப்பது, எதற்கு டிக்கெட் எடுக்க வேண்டும், கிறிஸ்தவர் அல்லாதவர்கள் பூசை நேரத்தில் உள்ளே போகலாமா என்று கேட்டிருக்கிறார். கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தார்: "மூன்றாவது கோயிலுக்கு மேல் எல்லாம் ஒரே மாதிரி தெரியும் என்று போய் வந்தவர்கள் சொல்கிறார்கள், உண்மையா?" எனக்கு அந்த வரிதான் உண்மையான கேள்வியாகத் தெரிகிறது. மற்றதற்கு இரண்டு வரியில் பதில் சொல்லிவிடலாம். நான் கட்டடப் பாதுகாப்பு படித்தவன், பழைய கல் கட்டடங்களைப் பழுதுபார்க்கும் வேலையில் பல வருடங்கள் பாரிஸில் இருந்தவன். ஊரிலிருந்து வருகிற சொந்தக்காரர்கள், நண்பர்கள் பலரை இந்த ஆலயங்களுக்கு அழைத்துப் போயிருக்கிறேன். அந்தப் பழக்கத்தில் எழுதுகிறேன்.

ஒரே மாதிரி தெரிவதற்குக் காரணம், கால வரிசை இல்லாமல் ஹோட்டலுக்குப் பக்கத்தில் எது இருக்கிறதோ அதிலிருந்து தொடங்குவது. கோதிக் கட்டடக்கலை என்பதை ஒரே வாக்கியத்தில் சொன்னால், சுவர் கொஞ்சம் கொஞ்சமாக மறைந்து கண்ணாடியாக மாறிய கதை. அந்தக் கதை பிறந்து உச்சம் தொட்டது பாரிஸிலும் அதைச் சுற்றியும்தான், ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்குள். 1144-இல் பீடப் பகுதி முடிந்த சான் தெனி, 1163-இல் தொடங்கிய நோத்ர தாம், 1248-இல் முடிந்த சாந்த் ஷப்பெல். இந்த மூன்றையும் இதே வரிசையில் பாருங்கள். முதல் இடத்தில் சுவர் லேசாகத் திறக்கும், இரண்டாவதில் உயரம் கூடும், மூன்றாவதில் சுவரே இருக்காது. அப்புறம் நான்காவதாக எந்தத் தேவாலயத்துக்குள் நுழைந்தாலும் அம்மாவே "இது அதுக்கு முந்தினதா, பிந்தினதா?" என்று கேட்பார். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் கேட்டிருக்கிறார்கள்.

சான் தெனியை முக்கால்வாசிப் பேர் விட்டுவிடுகிறார்கள். அது நகரத்துக்கு வடக்கே தனி ஊர். மெட்ரோ 13-ஆம் தடத்தில் ஏறினால் அதன் பெயரிலேயே நிலையம் இருக்கிறது. புறநகர்ப் பகுதி பற்றிப் பயமுறுத்துவார்கள். பகலில் போய்வர அப்படிப் பயப்பட ஒன்றும் இல்லை, பையையும் போனையும் பாரிஸில் எங்கும் பார்த்துக்கொள்வது போலப் பார்த்துக்கொண்டால் போதும். இங்கே மடத்தின் தலைவராக இருந்த சூஜே என்பவர் பழைய ஆலயத்தின் பீடப் பகுதியை இடித்துக் கட்டி, 1144 ஜூன் 11 அன்று அதை வழிபாட்டுக்காகப் புனிதப்படுத்தச் செய்தார். பீடத்துக்குப் பின்னால் அரைவட்டமாகச் சுற்றி வரும் நடைபாதைக்குப் போய் நில்லுங்கள். தூண்கள் மெலிந்து, கூரையின் எடை அதன் அடியில் விலா எலும்பு போல ஓடும் கல் வளைவுகள் வழியாக அந்தத் தூண்களுக்கு இறங்கி, வெளிச்சுவர் முழுக்க ஜன்னலாக விரிவதைப் பார்க்கலாம். இதற்கு முந்தைய கட்டடங்களில் எடையைச் சுவர் தாங்கியது, அதனால் சுவர் தடியாக இருந்தது, ஜன்னல் சிறியதாக இருந்தது. கூர்வளைவு, விலா வளைவுக்கூரை ஆகிய தனித்தனி உத்திகள் வேறு இடங்களில் முன்பே உண்டு. அவற்றை ஒன்றாகச் சேர்த்து வெளிச்சத்துக்காகவே ஒரு இடத்தைக் கட்டியது இங்கேதான் என்பது பெரும்பாலான வரலாற்றாசிரியர்களின் கருத்து. சூஜே தன்னையும் மறக்கவில்லை. அங்குள்ள ஒரு வண்ணக் கண்ணாடியில் மரியாளின் காலடியில் விழுந்து கிடக்கும் சின்னத் துறவி அவர்தான், பெயரும் எழுதியிருக்கும்.

சான் தெனி பிரெஞ்சு அரசர்களின் இடுகாடும்கூட. நடுக்கூடத்துக்குள் போக டிக்கெட் வேண்டாம், கல்லறைகள் இருக்கும் பகுதிக்குத்தான் வேண்டும். தயங்காமல் எடுங்கள். எழுபதுக்கு மேற்பட்ட கல்லறைச் சிற்பங்கள் அங்கே இருக்கின்றன. எல்லாவற்றையும் பார்க்க வேண்டாம், பன்னிரண்டாம் லூயியும் அவர் மனைவி பிரித்தானி ஆனும் இருக்கும் பளிங்குக் கல்லறைக்கு முன்னால் கால் மணி நேரம் நில்லுங்கள். 1531-இல் முடிந்த வேலை. மேல் தளத்தில் இருவரும் அரச உடையில் மண்டியிட்டுக் கும்பிடுகிறார்கள். கீழே, வளைவுகளுக்கு நடுவில், அதே இருவரும் ஆடையில்லாத பிணங்களாகக் கிடக்கிறார்கள். தலை பின்னால் சாய்ந்து, வாய் திறந்து, விலா துருத்திக்கொண்டு இருக்கும். குனிந்து வயிற்றைப் பாருங்கள். உடலைப் பதப்படுத்த வயிற்றைக் கீறி மறுபடி தைத்த தையல், ஒவ்வொரு முடிச்சும் தெரியும்படி பளிங்கில் செதுக்கப்பட்டிருக்கிறது. அரசனுக்காகச் செய்த கல்லறையில், அரசனின் குடும்பமே பணம் கொடுத்துச் செய்த சிற்பத்தில் இப்படி ஒரு தையல். நான் ஐரோப்பாவில் பார்த்த கல்லறைகளில் மனத்தை இவ்வளவு உலுக்கியது வேறொன்று இல்லை.

இங்கே வழிகாட்டிகள் சொல்லும் கதைகளில் எது உறுதி, எது நம்பிக்கை என்று பிரித்துக்கொள்ள வேண்டும். வெட்டப்பட்ட தன் தலையைக் கையில் ஏந்திக்கொண்டு இந்த ஆலயத்துக்குப் பெயர் தந்த புனித தெனி மோன்மார்த்ர் குன்றிலிருந்து இந்த இடம் வரை நடந்தார் என்பது பக்தி மரபு. அரசர் தகோபேர் 639-இல் இங்கே அடக்கம் செய்யப்பட்டார் என்பதும், 1793-இல் பிரெஞ்சுப் புரட்சிக்காரர்கள் கல்லறைகளைத் திறந்து அரசர்களின் எலும்புகளைக் குழிகளில் கொட்டினார்கள் என்பதும் ஆவணங்களில் இருக்கும் வரலாறு. ஆகவே நீங்கள் பார்க்கும் பழைய சிற்பங்களுக்குக் கீழே பெரும்பாலும் உடல்கள் இல்லை. கீழறையில் ஒரு கண்ணாடிக் கலத்தில் உலர்ந்த இதயம் ஒன்று இருக்கும். புரட்சியின்போது சிறையில் இறந்த சிறுவன், பதினாறாம் லூயியின் மகனுடையது என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள், பலர் நம்பவில்லை. 2000-ஆம் ஆண்டு செய்த மரபணுச் சோதனையில் அது தாய் மரி அந்துவானெத்தின் வழியோடு பொருந்தியது. 2004-இல் இங்கே வைத்தார்கள். அந்தச் சோதனை தாய்வழியை மட்டும்தான் காட்டும், ஆனால் அந்த இதயம் கைமாறி வந்த வரலாற்றையும் சேர்த்துப் பார்த்தால் சந்தேகத்துக்கு அதிக இடமில்லை என்பது என் எண்ணம்.

ஞாயிறு காலை கல்லறைப் பகுதி திறக்காது, பூசை முடிந்து மதியம்தான். செவ்வாய், வெள்ளி, ஞாயிறு காலைகளில் பக்கத்திலேயே பெரிய சந்தை கூடும், அம்மாவுக்குப் பிடிக்கும். திரும்பும் வழியில் சோறு வேண்டும் என்றால் லா ஷப்பெல் என்ற பகுதிக்குப் போங்கள். ஈழத் தமிழர் கடைகள் நிறைந்த அந்த ஃபோபூர் சான் தெனி தெரு, அரசர்களின் சவ ஊர்வலம் பாரிஸிலிருந்து சான் தெனிக்குப் போன பழைய சாலையின் நீட்சி. அந்தக் கல்லறைகளைப் பார்த்த அன்றைக்கே அந்தத் தெருவில் சாப்பிடுவது எனக்குப் பொருத்தமாகவே படுகிறது.

அடுத்தது நோத்ர தாம். 2019 ஏப்ரல் 15 அன்று கூரை எரிந்தது, 2024 டிசம்பரில் மறுபடி திறந்தார்கள். உள்ளே போகக் கட்டணம் கிடையாது. யாராவது வாசலிலோ இணையத்திலோ நுழைவு டிக்கெட் என்று விற்றால் அது ஏமாற்று. பேராலயத்தின் சொந்த இணையதளத்தில் நேரம் பதிவு செய்யலாம், அதுவும் இலவசம். ஓரிரு நாள் முன்னால்தான் பதிவு திறக்கும், சீக்கிரம் தீர்ந்துவிடும். கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம், பதிவில்லாதவர்களுக்குத் தனி வரிசை உண்டு, நீளமாகத் தெரிந்தாலும் நகர்ந்துகொண்டே இருக்கும். பெரிய பெட்டிகளோடு போகாதீர்கள், உள்ளே விடமாட்டார்கள். கோபுரத்தில் ஏறத் தனி டிக்கெட் உண்டு, ஆனால் நூற்றுக்கணக்கான படிகள். அம்மா கீழேயே இருக்கட்டும்.

உள்ளே போனதும் முதலில் கண்ணில் படுவது கல்லின் நிறம். தீக்கு முன் பார்த்தவர்களுக்குக் கருமை படிந்த இருட்டான கோயிலாக நினைவிருக்கும். கூரையிலிருந்து உருகிய ஈயத்தின் தூசி எங்கும் படிந்ததால் உட்புறம் முழுவதையும் சுத்தம் செய்தே ஆக வேண்டியிருந்தது. சுவர்மேல் ஒரு பசையைத் தடவி, அது காய்ந்ததும் தோல் போல உரித்து எடுத்தார்கள், நூற்றாண்டுகளின் புகையும் மெழுகுக் கரியும் அதோடு வந்துவிட்டது. இப்போது வெளிர் மஞ்சள் கல். பளபளவென்று புதிதாக இருக்கிறது, பழமை போய்விட்டது என்று சிலர் குறைப்படுகிறார்கள். நான் அந்தப் பக்கம் இல்லை. கட்டியவர்கள் பார்த்தது இந்த நிறத்துக்கு நெருக்கமானது, கருமை பின்னால் வந்தது. இசைப்பெட்டியை, அதாவது சுமார் 8,000 குழல்கள் கொண்ட பெரிய ஆர்கனை, தீ தொடவில்லை. ஆனால் ஈயத்தூசிக்காக அதைப் பிரித்துக் கழுவி மறுபடி கோத்துச் சுரம் சேர்க்க வேண்டியிருந்தது.

உள்ளே பார்த்து முடித்ததும் ஆற்றின் தென்கரைக்கு வந்து பக்கவாட்டிலிருந்து பாருங்கள். சுவருக்கு வெளியே கல் முட்டுகள் வளைவாகப் பறந்து வந்து சுவரைத் தாங்குவது தெரியும். சாய்கிற தென்னைக்கு முட்டுக் கொடுக்கிற அதே வேலைதான். கூரையின் உதைப்பை இவை வெளியே வாங்கிக்கொள்வதால்தான் உள்ளே சுவர் அவ்வளவு உயரமாகவும் மெல்லியதாகவும் நிற்க முடிந்தது. ஊசிக்கோபுரம் பழையது இல்லை. 1859-இல் வியோலே ல துய்க் என்ற கட்டடக் கலைஞர் வைத்ததைப் போலவே தீக்குப் பின் மறுபடி கட்டியது அது. முகப்பில் வாசல்களுக்கு மேல் வரிசையாக நிற்கும் 28 அரசர் சிலைகளும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் செய்தவையே. அசல் சிலைகள் பைபிளில் வரும் யூதா நாட்டு அரசர்களைக் குறித்தவை. புரட்சியின்போது பிரெஞ்சு அரசர்கள் என்று நினைத்துத் தலைகளை வெட்டி எறிந்தார்கள். 1977-இல் நகரத்தின் இன்னொரு பகுதியில் ஒரு மாளிகையில் வேலை நடந்தபோது மண்ணுக்கடியிலிருந்து 21 தலைகள் கிடைத்தன. ஆற்றைத் தாண்டி கொஞ்சம் நடந்தால் க்ளூனி அருங்காட்சியகத்தில் அவை இருக்கின்றன. மூக்கு உடைந்த அந்த முகங்களில் அங்கங்கே பழைய சாயம் ஒட்டியிருப்பதைக் காணலாம். இந்த முகப்பு முழுக்க ஒரு காலத்தில் வண்ணம் பூசியிருந்தது என்பதற்கு அது சாட்சி.

நோத்ர தாமிலிருந்து சில நிமிட நடையில் சாந்த் ஷப்பெல். இதற்கு டிக்கெட் கட்டாயம், நேரம் குறித்து முன்பே வாங்கிவிடுங்கள். ஒன்றுக்கு ஏன் கட்டணம், இன்னொன்றுக்கு ஏன் இல்லை என்று எல்லோரும் கேட்பார்கள். 1905-இல் பிரான்ஸ் அரசையும் மதத்தையும் சட்டப்படி பிரித்தது. அதற்கு முன் கட்டிய பேராலயங்கள் அரசுக்கும், அந்தந்த வட்டாரத்து மக்களுக்கான சாதாரண பங்கு ஆலயங்கள் நகராட்சிக்கும் சொந்தமாயின. வழிபாட்டுக்கு இருக்கும் இந்த ஆலயங்களைப் பார்க்கக் கட்டணம் வாங்கக் கூடாது என்பதும் அதே சட்டம். 2024-இல் நோத்ர தாமுக்கு 5 யூரோ வாங்கலாம் என்று பண்பாட்டு அமைச்சர் சொன்னபோது திருச்சபை ஒப்புக்கொள்ளவில்லை. சாந்த் ஷப்பெல் இப்போது வழிபாட்டு இடம் இல்லை, அரசின் நினைவுச் சின்னம், அதனால் கட்டணம். அது நீதிமன்ற வளாகத்துக்குள் இருப்பதால் விமான நிலையம் போலச் சோதனை இருக்கும். கத்தரிக்கோல், சின்னக் கத்தி, கண்ணாடி பாட்டில் எதுவும் பையில் வேண்டாம். மேல்தளத்துக்குப் போவது குறுகிய சுழல் படிக்கட்டு வழியாக. அம்மாவுக்கு முழங்கால் வலி இருந்தால் மாற்று வழி பற்றி முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள்.

மேலே ஏறியதும் யாரும் சில நொடி பேசமாட்டார்கள். சுமார் 15 மீட்டர் உயரத்துக்கு 15 ஜன்னல்கள், நடுவில் மெல்லிய கல் காம்புகள் மட்டும். நோத்ர தாமில் பார்த்த பறக்கும் முட்டுகள் இங்கே கிடையாது. ஜன்னல்களுக்கு இடையே வெளிப்புறமாக ஆழமான தூண்கள், கல்லுக்குள் ஒளித்து வைத்த இரும்புப் பட்டைகள், அவைதான் தாங்குகின்றன. ஒன்பதாம் லூயி 1239-இல் கான்ஸ்டான்டினோபிளின் பேரரசரிடமிருந்து, சிலுவையில் அறையும்முன் இயேசுவின் தலையில் வைத்ததாகச் சொல்லும் முள்முடியைப் பெற்றார். அதை வைக்கும் பேழையாகத்தான் இந்தக் கட்டடத்தையே எழுப்பினார். அந்த முடிக்குக் கொடுத்த தொகை கட்டடச் செலவைவிட அதிகம். அது இயேசு அணிந்ததுதானா என்பதை எந்த ஆய்வாலும் நிரூபிக்க முடியாது, கான்ஸ்டான்டினோபிளிலிருந்து பாரிஸ் வந்தது மட்டும் உறுதி. இப்போது அது நோத்ர தாமில் இருக்கிறது. தீ பிடித்த இரவில் வெளியே கொண்டுவந்து காப்பாற்றினார்கள். சில வெள்ளிக்கிழமைகளில் பொது வணக்கத்துக்கு வைக்கிறார்கள், தேதியைப் பேராலய இணையதளத்தில் பாருங்கள்.

ஜன்னல்களில் 1,113 காட்சிகள். பெரும்பாலும் கீழிருந்து மேலாக, இடமிருந்து வலமாகப் படிக்க வேண்டும். இதில் மூன்றில் இரண்டு பங்கு பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கண்ணாடி என்பது பொதுவான கணக்கு, மீதி பழுதுபார்த்தபோது சேர்த்தது. புரட்சிக்குப் பின் இந்த அறையை அரசு ஆவணக் கிடங்காக்கி, அலமாரி வைப்பதற்காக அடியில் இரண்டு மீட்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்கள். கண்ணுக்கு நேராக இருக்கும் கீழ்வரிசையில்தான் புதிய கண்ணாடி அதிகம் என்பது அதனால்தான். ஒரு சின்ன பைனாகுலர் கொண்டுபோனால் மேலே இருக்கும் பழைய கண்ணாடியின் சீரற்ற நிறத்தை நன்றாகப் பார்க்கலாம். வெயில் உள்ள நாளாகத் தேர்ந்தெடுங்கள். மேற்கில் இருக்கும் வட்ட ஜன்னலுக்குப் பிற்பகல் வெயில் நல்லது, அது மட்டும் பதினைந்தாம் நூற்றாண்டு வேலை. சுவரோரமாக உட்கார இடம் உண்டு, அரை மணி நேரமாவது உட்காருங்கள்.

இந்த மூன்றும் முடிந்தபின் நேரம் இருந்தால் இன்னும் இரண்டு, அதற்கு மேல் வேண்டாம். நான் சொல்வது சான் சுல்பீஸும் சாந்த் எத்தியென் து மோனும். சான் சுல்பீஸில் நுழைந்தவுடன் வலப்பக்கத்து முதல் சிற்றாலயத்தில் ஓவியர் தெலக்ருவா 1861-இல் முடித்த சுவரோவியங்கள் இருக்கின்றன. பைபிளில் வரும் யாக்கோபு தேவதூதனோடு மல்லுக்கட்டுவது அதில் ஒன்று. தரையில் ஓடும் பித்தளைக் கோட்டைப் பற்றி ஒரு நாவலால் பரவிய ரகசியக் கதைகளை நம்ப வேண்டாம். அது பதினெட்டாம் நூற்றாண்டில் சூரியனின் நிலையை அளந்து ஈஸ்டர் தேதியைச் சரிபார்க்க அமைத்த வானியல் கருவி. சாந்த் எத்தியென் து மோனில் பீடத்துக்கு முன்னால் ஒரு கல் பாலம் குறுக்கே போகும். இருபுறமும் சுழல் படிகள் ஏறும் அந்தக் கல் வேலைப்பாடு சரிகை போல இருக்கும். மற்ற ஆலயங்களில் பீடத்தை மக்கள் பார்க்கட்டும் என்று இதையெல்லாம் இடித்துவிட்டார்கள், பாரிஸில் மிஞ்சியது இது ஒன்றுதான். மோன்மார்த்ர் மேலே இருக்கும் சாக்ரே கேருக்கு எல்லோரும் போவார்கள், நீங்களும் போங்கள், நகரம் முழுக்கத் தெரியும். ஆனால் அது 1875-இல் தொடங்கிய கட்டடம், உங்கள் அம்மா தேடும் பழமை அங்கே கிடைக்காது.

சரி, பூசை விஷயம். யாரும் எந்த மதம் என்று கேட்கமாட்டார்கள். செருப்பைக் கழற்ற வேண்டாம், ஆண்கள் தொப்பியைக் கழற்ற வேண்டும். புடவையோ சுடிதாரோ தாராளமாகப் போகலாம். திருப்பலி, அதாவது பூசை, நடக்கும்போது சுற்றிப் பார்ப்பதும் படம் எடுப்பதும் கூடாது, பின்வரிசையில் உட்கார்ந்து கவனிக்கலாம், எல்லோரும் எழும்போது எழுந்தால் போதும். நற்கருணை, அதாவது பூசையில் கொடுக்கும் அப்பம், வாங்க வரிசையில் போக வேண்டாம், அது கத்தோலிக்கர்களுக்கு மட்டும். மெழுகுவர்த்தி ஏற்றுவது யாருக்கும் திறந்தது, பக்கத்து உண்டியலில் எழுதியிருக்கும் காணிக்கையைப் போட்டுவிட்டு அம்மா ஏற்றலாம். என் யோசனை, ஒரு மாலை நோத்ர தாமுக்குப் பின்பக்கம் ஆற்றின் வடகரையில் இருக்கும் சான் ஜெர்வேக்குப் போங்கள். அங்கே ஒரு துறவியர் குழு மாலை வழிபாட்டைப் பல குரலில் பாடும். மொழி புரிய வேண்டியதில்லை. பார்க்கும் இடமாக மட்டும் இந்த ஆலயங்களைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்களுக்கு அவை எதற்காகக் கட்டப்பட்டன என்பது பாதிதான் தெரியும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். திங்கட்கிழமை அந்தப் பாடல் இருக்காது, மற்ற நாட்களின் நேரத்தை வாசல் பலகையில் பாருங்கள்.

நாள் கணக்காகச் சொன்னால், முதல் நாள் காலை சான் தெனி, மதியம் ஓய்வு. இரண்டாம் நாள் காலை நோத்ர தாம், பிற்பகல் சாந்த் ஷப்பெல், மாலை சான் ஜெர்வே. மூன்றாம் நாள் மற்ற இரண்டும் க்ளூனியும், மூன்றும் தென்கரையில்தான். நான்காம் நாளைத் தேவாலயமே இல்லாமல் விட்டுவிடுங்கள். மெட்ரோவில் படிகள் அதிகம், லிஃப்ட் பல நிலையங்களில் இல்லை, அம்மாவோடு போகும்போது பஸ்ஸே நல்லது. கட்டணங்களும் நேரங்களும் அடிக்கடி மாறுவதால் கிளம்புவதற்கு முந்தின வாரம் அந்தந்த இடத்தின் அதிகாரபூர்வ இணையதளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, பெரும்பாலான தேவாலயங்களுக்குள் கழிப்பறை இருக்காது. தெருவில் சாம்பல் நிறக் கூண்டு போல நகராட்சியின் இலவசக் கழிப்பறைகள் உண்டு, ஒவ்வொருவர் போனபின்பும் தானாகக் கழுவிக்கொள்ளும், கழுவி முடித்துப் பச்சை விளக்கு வந்த பிறகுதான் உள்ளே போக வேண்டும். இதை அம்மாவிடம் முதலிலேயே சொல்லிவையுங்கள்.